கழுவாமல் விட்ட போலோ

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. இனயம் என்ற கடற்கரை ஊரிலிருந்து ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் போலோ எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடுகிறது என்பது புகார்.
2. கழுவினோம், சோதித்தோம், ஒரு சென்சாரை மாற்றினோம், அனுப்பினோம்.
3. மறுபடி வந்தது. கழுவினோம், சோதித்தோம், ஒரு ரிலேயை மாற்றினோம், அனுப்பினோம்.
4. மூன்றாம் முறை வந்தது. கழுவவில்லை.
5. கோளாறு தெரிந்தது.
6. அந்த வாரச் சனிக்கிழமை காலை, காரை வாங்கிக்கொண்டு போக மார்த்தாண்டத்திலிருந்து புரோக்கர் வந்தார்.

நான் இப்போது கார் வேலையில் இல்லை. நாகர்கோவிலில், கோட்டாறு பக்கம் எல்லாக் கம்பெனிக் கார்களையும் பார்க்கும் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடம் இருந்தேன். முப்பத்திரண்டு வயதில் ஓய்வு என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனாலும் நகக்கண்ணில் கறுப்பு எண்ணெயோடு சாப்பிட உட்காரும் வாழ்க்கையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். போன மாதம் அந்த ஒர்க்‌ஷாப் வாசலில் மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி ஒன்றை வைத்தார்கள். பழைய ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் டீ டம்ளரோடு வந்து, "அக்கா, நீங்க பாத்ததுலயே படுத்துன வண்டி எது?" என்று கேட்டார்கள். நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சொன்னேன். எழுதித் தரச் சொன்னார்கள்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தேன். சென்னையில் ஒரு வருடப் பயிற்சி. அங்கே புதிய கார்கள் மட்டுமே வந்தன; எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் இருந்தது; பழுதான பாகத்தைக் கழற்றிப் புதியதைப் போட்டால் வேலை முடிந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகுதான், பத்து வயது தாண்டிய கார் என்பது வேறு ஒரு பிராணி என்று தெரிந்தது. அதன் உடம்பில் கம்பெனி வைத்தது பாதி, சொந்தக்காரர் செய்தது பாதி.

எங்கள் ஒர்க்‌ஷாப் மேலாளர் தாணு சார். கிரீஸ் வாசம் அடிக்கும் இடத்தில் தினமும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு நடமாடுவார்; ஒருநாளும் கறை பட்டதில்லை. குரலை உயர்த்த மாட்டார். ஒரு யோசனை சொன்னால் "சரி" என்றால் சரி. "ஆகட்டும் பாப்போம்" என்றால் நடக்காது. செய்ய வேண்டிய வேலையை ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் எழுதி முன்கண்ணாடியின் மூலையில் ஒட்டுவார். ஒட்டிவிட்டால் அதுதான் தீர்ப்பு. வேறு யாரும் அந்த டேப்பைக் கிழிக்கக் கூடாது.

அவருடைய முதல் விதி, கழுவுதல். எந்தக் கார் வந்தாலும் லிஃப்டில் ஏறுவதற்கு முன் கழுவ வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் பிளாஸ்டிக் உறை கட்டி, எஞ்சினை அணைத்து, நல்ல தண்ணீரைக் குறைந்த அழுத்தத்தில் அடித்து, நுரை போட்டு, மறுபடி தண்ணீர் அடித்து, மூலை முடுக்கெல்லாம் காற்றடித்துக் காய வைத்த பிறகுதான் நாங்கள் கை வைக்கலாம். "அழுக்கு வண்டிக்குள்ள கைய விடுகது, கண்ணக் கெட்டிக்கிட்டு கருவாடு வாங்குக மாதிரி, கேட்டியா?" என்பார். நியாயமான விதிதான். எத்தனையோ எண்ணெய்க் கசிவுகளை நாங்கள் கண்டுபிடித்தது கழுவியதால்தான்.

இனி அந்தப் போலோ. சொந்தக்காரர் ஸ்டெல்லா அக்கா. கணவர் பஹ்ரைனில் கடல் வேலை. விடுமுறையில் வந்தபோது அவர்தான் அதைப் பழையதாக வாங்கினார், லீவு நாளில் தான் ஓட்டுவதற்காக. அவர் திரும்பிப் போனதும் கார் சும்மா நிற்பது பொறுக்காமல் ஸ்டெல்லா அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அதன் பிறகு அந்தக் காரின் மேல் அவர் காட்டிய அக்கறைக்கு அளவில்லை. டயர் காற்று, கூலன்ட் அளவு, வைப்பர் ரப்பர் எல்லாம் அவரே பார்ப்பார். கியர் மாற்றும்போது ஒரு சின்னச் சத்தம் வந்தால்கூட அடுத்த நாள் எங்களிடம் வந்து அதை வாயாலேயே செய்து காட்டுவார்.

அவருடைய மகள் ஜின்சி, நாகர்கோவிலில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் படிப்பில் கடைசி வருடம். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு இடது காலில் வலு குறைவு. தாங்குக் கம்பி மாட்டி நடப்பாள். தினமும் காலையில் அம்மா காரில் கொண்டுவந்து விடுவார். சாயங்காலம் வந்து அழைத்துப் போவார். கார் இருந்ததால் படிப்பு இருந்தது.

மூன்றாம் முறை கார் மீட்பு வண்டியில் ஏறி வந்த புதன்கிழமை, இரண்டு பேரும் அதே மீட்பு வண்டியின் முன்சீட்டிலிருந்து இறங்கினார்கள்.

"மோளே ஷைனி," என்றார் ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்து, "இது எனக்க வண்டியா, உங்களுக்க வண்டியா? எனக்க வீட்டுல நின்னதவிட இஞ்சதான் கூடுதல் நிக்குது."

"வண்டிக்க ரேஷன் கார்ட இஞ்ச மாத்தீருவோம்மா," என்றாள் ஜின்சி.

"இந்தத் தடவ எங்க நின்னது அக்கா?"

"கருங்கலுக்கு முன்ன அந்த வளைவுல. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிப்போச்சு. பின்னால மரத்தடி ஏத்துன லாரி. அவன் பிரேக்க சவுட்டுனது மாதாவுக்க கருணை." ஜின்சியைக் கை காட்டினார். "இவ அப்பாகிட்ட வாய் தவறிப் பறஞ்சுட்டேன். அவரு ராத்திரி பூரா ஒறங்கல. வண்டிய வித்துரு, ரெண்டு பேரையும் ரோட்டுல சாகக் குடுக்க மாட்டேன்னு அழுதாரு. மார்த்தாண்டத்துல ஒரு புரோக்கர்கிட்ட அவரே போன் போட்டுப் பேசியாச்சு. சனியாழ்ச்ச காலைல வருவான்."

ஜின்சியின் அப்பா சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. நான் ஜின்சியைப் பார்த்தேன்.

"பஸ்ல ஏறிருவேன் அக்கா. எறங்குகதுதான் பிரச்சினை. கண்டக்டர் விசில் அடிச்ச பெறவுதான் எனக்க காலு யோசிக்கவே ஆரம்பிக்கும்."

"ஹாஸ்டல்?"

"மூணாவது மாடி. லிஃப்ட் அடுத்த வருசம் வருமாம். அப்ப நான் படிச்சு முடிச்சிருப்பேன். இல்லேன்னா படிப்ப விட்டுருப்பேன்."

தாணு சார் வந்தார். போனட்டைத் திறக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து, "ஒயரிங் செட் முழுசும். கன்ட்ரோல் யூனிட்" என்று எழுதி ஒட்டினார். பிறகு என்னைத் தனியாக அழைத்தார்.

"மூணு தடவ வந்தாச்சு மக்கா. ஸ்கேனர்ல எஞ்சின் வேகம் பாக்குக சென்சார் சிக்னல் விட்டுப் போகுதுன்னு காட்டுது. சென்சாரு புதுசு. அப்ப ஒயரு, இல்லேன்னா கன்ட்ரோல் யூனிட். ரெண்டையும் மாத்தணும். வண்டிக்க வயசுக்கு அது கட்டுபடி ஆகாது. விக்கதுதான் நல்லதுன்னு அந்தம்மாகிட்ட பக்குவமாச் சொல்லு."

சொல்வதற்காகத்தான் திரும்பி வந்தேன். தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஒருவர் காரை நோக்கி வந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்த ஸ்டெல்லா அக்கா பெருமூச்சு விட்டார்.

"நல்லாக் கழுவச் சொல்லு மோளே. நீங்க கழுவித் தந்தா ரெண்டு வாரம் ஒரு கொறையும் இல்லாம ஓடும். பெறவுதான் இந்தச் சாவு."

நான் குழாய்க்காரரைக் கை காட்டி நிறுத்தினேன்.

சென்சார் மாற்றியதும் இரண்டு வாரம் ஓடியது. ரிலே மாற்றியதும் இரண்டு வாரம் ஓடியது. இரண்டு பாகங்களுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை. இரண்டு முறையும் பொதுவாக நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. தண்ணீரில் கழுவிப் போகக்கூடிய ஏதோ ஒன்று அந்தக் காரில் சேர்கிறது. இனயத்தில் கார் நிற்கும் இடத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது வள்ளங்கள் மட்டும்.

"எல்லாத் தடவையும் எங்க வச்சு நின்னது அக்கா? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

அவர் விரல் விட்டுச் சொன்னார். எல்லாமே காலை. எல்லாமே கருங்கல் வருவதற்கு முன். சாயங்காலம் திரும்பும்போது ஒருமுறைகூட இல்லை. நின்ற பிறகு கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் எடுத்துவிடும்.

தாணு சாரிடம் போய், இந்தக் காரைக் கழுவாமல் பார்க்க வேண்டும் என்றேன்.

"ஆகட்டும் பாப்போம்."

"சார், இன்னைக்கு ஒருநாள்தான். பெறவு நீங்க சொன்னதே அந்தக்காகிட்ட சொல்லீருகேன்."

அவர் டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும். லிஃப்டு அழுக்கானா நீதான் தொடைக்கணும்."

நான் செய்தவற்றைப் புதியவர்களுக்காக விவரமாகவே எழுதுகிறேன். போனட்டைத் திறந்ததும் எதையும் தொடாமல் முகர்ந்து பார்த்தேன். டீசல், சூடான ரப்பர், அதற்குக் கீழே இன்னொரு வாசம். கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு அது உடனே தெரிந்திருக்கும். எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மீனெண்ணெய். முந்தைய இரண்டு தடவையும் நான் முகர்ந்தது எங்கள் நுரையின் எலுமிச்சை வாசத்தை.

எஞ்சினை ஓடவிட்டேன். ஒயர்க் கட்டுகளை முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக, ஒரு சாண் ஒரு சாணாகக் கையால் லேசாக அசைத்துக்கொண்டே எஞ்சின் சத்தத்தைக் கேட்டேன். மாற்றமில்லை. இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியில் சாதாரணத் தண்ணீரை நிரப்பி, பனி விழுவது போல மெல்லிய தூவலாக, ஒவ்வொரு பகுதியிலும் அடித்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு பகுதி காய்ந்த பிறகுதான் அடுத்த பகுதி. இல்லையென்றால் எந்த இடம் காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்ஜெக்டர் பக்கம் ஒன்றுமில்லை. ஃபியூஸ் பெட்டிப் பக்கம் ஒன்றுமில்லை. பேட்டரி உட்காரும் தட்டுக்கு அடியில், கையை வளைத்து ஒரே ஒரு தூவல் அடித்தேன்.

எஞ்சின் அணைந்தது.

காயவிட்டு ஸ்டார்ட் செய்தேன். ஓடியது. மறுபடி அடித்தேன். அணைந்தது. அப்போதுதான் தாணு சாரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பின்னால் கை கட்டி நின்றார். மூன்றாவது முறையும் அணைந்தபோது, "தட்டக் கழத்து" என்றார்.

பேட்டரியையும் தட்டையும் கழற்றினோம். கீழே, கியர் பெட்டிக்கு மேலே போகும் ஒயர்க் கட்டின் அடிப்பக்கத்தில், சுற்றியிருந்த துணி டேப்பை எலி கடித்துத் தின்றிருந்தது. சென்சாருக்குப் போகும் மெல்லிய ஒயர்கள் இரண்டில் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. அதன் மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. காய்ந்திருக்கும்வரை உப்பால் கெடுதல் இல்லை. விடியற்காலைக் கடல் பனி தட்டில் தேங்கி, வண்டியின் குலுக்கலில் சொட்டி அதை நனைத்தால் ஒரு ஒயரின் மின்சாரம் மற்றொன்றுக்குக் கசியும்; சிக்னல் கெடும்; எஞ்சின் அணையும். எஞ்சின் சூட்டில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். நாங்கள் ஒவ்வொரு முறையும் கழுவி, உப்பையும் வாசத்தையும் சேர்த்தே நீக்கி, நல்ல காராக்கி அனுப்பியிருக்கிறோம். மறுபடி உப்பு சேர இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

ஸ்டெல்லா அக்காவை அழைத்துக் காட்டினேன். "இஞ்ச மீனெண்ணெய் எப்படி வந்தது அக்கா?"

"நான் போட்டதுதான் மோளே." அவர் முகத்தில் பெருமை. "வருசந்தோறும் மழைக்கு முன்ன. எங்க வீட்டுல வள்ளத்துக்குப் போடுகது. அதப் போட்டா உப்புக்காத்து ஒண்ணும் செய்யாது. பாயை விரிச்சு அடியில படுத்து பிரஷ்ஷால முழுசும் அடிப்பேன். பேட்டரிக்க அடியிலயும் துரு கண்டேன், அங்கயும் ரெண்டு தடவ நல்லாத் தேச்சு வச்சேன்."

"எலி வராதா?"

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

ஜின்சிதான் சொன்னாள். "எங்கூரு எலி எண்ணெய் படாத வலையக்கூடத் தின்னும் அக்கா. அம்மா அதுக்கு மசாலா தேச்சு வச்சிருக்கு."

"ஏட்டி, சும்மா கெட," என்றார் அம்மா. ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

காரை லிஃப்டில் தூக்கினோம். தாணு சார் டார்ச் அடித்துக்கொண்டு அடியில் நுழைந்தார். அங்கேயே வெகுநேரம் இருந்தார். கடற்கரையோரக் கார்களின் அடிப்பாகம் அந்த வயதில் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். விரலால் குத்தினால் உள்ளே போகும். இந்தப் போலோவின் அடித்தகட்டில் துரு இல்லை. கறுப்பும் பழுப்புமாக எண்ணெய் இறுகிப் படிந்திருந்தது. அதற்குக் கீழே இரும்பு புதிதாக இருந்தது.

அவர் வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டையின் தோளில் ஒரு பழுப்புக் கறை. "கொள்ளாம்மா. அடிப்பாகம் ஒண்ணாந்தரம். எலிக்கு விருந்து வச்சதுதான் தப்பு" என்றார் ஸ்டெல்லா அக்காவிடம். பிறகு முன்கண்ணாடிக்குப் போய், தான் ஒட்டிய டேப்பைத் தானே உரித்தார்.

ஆனால் அதோடு அவர் சம்மதித்துவிடவில்லை. சென்சார் ஒயரில் ஒட்டு போடக் கூடாது, முழுச் செட்டையும் மாற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. ஒட்டு விட்டுப் போனால் அடுத்த தடவையும் லாரிக்காரன் பிரேக் போடுவான் என்று என்ன நிச்சயம்? அவர் கேட்டது சரியான கேள்வி. முழுச் செட் வருவதற்குள் சனிக்கிழமை போய்விடும் என்பது அதற்குப் பதிலாகாது. கெட்டுப்போன துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதே தடிமனுள்ள புது ஒயரை வைத்து, இரண்டு ஒட்டுகளும் அருகருகே வராதபடி மேலும் கீழுமாகத் தள்ளி வைத்து, ஈயம் பற்றவைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கும் உறையைச் சூடாக்கி மூடி, பழைய முறுக்கு எவ்வளவோ அவ்வளவே முறுக்குவதாகச் சொன்னேன். அதற்கு மேல் எலி கடிக்காத கம்பிவலை உறை. பிறகு உப்புத் தண்ணீரே அடித்துச் சோதிப்போம் என்றேன்.

"அப்பவும் நின்னா?"

"நின்னா நானே அந்தக்காகிட்ட விக்கச் சொல்லுகேன் சார்."

அவர் தோளிலிருந்த கறையை விரலால் சுரண்டினார். "சரி."

வியாழக்கிழமை முழுவதும் அந்த வேலைதான். முடித்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, உப்பு கரைத்த தண்ணீரைத் தட்டுக்கு அடியில் அடித்தேன். அணையவில்லை. குப்பி காலியாகும்வரை அடித்தேன். அணையவில்லை. தாணு சார் தானே காரை எடுத்துக்கொண்டு திங்கள்சந்தை வரை போய்த் திரும்பினார். இறங்கும்போது சாவியை என் கையில் வைத்தார்.

ஆனாலும் உண்மையான சோதனை இனயத்தில்தான். அன்று சாயங்காலமே காரை எடுத்துப் போகச் சொல்லி, ஸ்டெல்லா அக்காவிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். மூடாமல், கடலைப் பார்த்து நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை ஓட்டக் கூடாது. இரண்டு இரவு பனி அதில் இறங்கட்டும்.

சனிக்கிழமை விடியும்போது நான் ஸ்கூட்டரில் அங்கே இருந்தேன். கார் முழுவதும் நனைந்திருந்தது. கதவைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரித்தது. புரோக்கர் எனக்கு முன்பே வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஹ்ரைனிலிருந்து ஜின்சியின் அப்பா வீடியோ காலில் இருந்தார். ஜின்சி போனைக் காரை நோக்கிப் பிடித்திருந்தாள்.

"ஓடாத வண்டின்னுல்லா பறஞ்சது?" என்றார் புரோக்கர்.

"ஓடுதான்னு பாக்கத்தான் போறோம். ஏறுங்க அண்ணே," என்றார் ஸ்டெல்லா அக்கா.

நான் ஓட்டவில்லை. அவர்தான் ஓட்டினார். நான் பக்கத்தில். பின்னால் ஜின்சியும் புரோக்கரும், ஜின்சி கையில் அவளுடைய அப்பாவும். கடைசியாக நின்ற அந்த வளைவு வந்தபோது ஸ்டெல்லா அக்கா ஒரு கையால் சிலுவை போட்டார்.

"ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வைட்டி!" என்று பஹ்ரைனிலிருந்து குரல் வந்தது.

வளைவு கடந்தது. கருங்கல் கடந்தது. திங்கள்சந்தையில் மீன் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, நாகர்கோவிலில் ஜின்சியின் கல்லூரி வாசலில் போய் நின்றோம். அங்கேயே திருப்பி, இனயத்துக்கே போனோம். வழியில் புரோக்கர் ஒருமுறை குனிந்து தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார், துரு தேடி. இறங்கியதும், "இத நான் எடுக்கலக்கா. ஓடாத வண்டி வெலைக்கு இது கெடைக்காது, ஓடுக வண்டி வெலைக்கு நீங்க தரமாட்டீங்க" என்றார். ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்.

போனில் ஜின்சியின் அப்பா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "மோளே, உனக்க தாய இந்த வண்டியில ஏத்துவியா?"

"ஏத்துவேன்."

"அப்ப ஓடட்டு."

இப்போதைய நிலவரம் இதுதான். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு கார் வந்தால் முதலில் சொந்தக்காரரிடம் கேட்கிறார்கள், பிறகு அழுக்கோடு பார்க்கிறார்கள், முகர்கிறார்கள், அதன் பிறகே கழுவுகிறார்கள். அந்த வரிசையைத் தாணு சாரே மாற்றினார். நான் ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளின் மின் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன்; ஒயர்கள் இங்கேயும் உண்டு. ஸ்டெல்லா அக்கா மழைக்கு முன் மீனெண்ணெய் அடிப்பதை நிறுத்தவில்லை. அடித்தகட்டுக்கு மட்டும் அடிக்கிறார், போனட்டுக்குள் பிரஷ்ஷைக் கொண்டுபோவதில்லை. ஜின்சி படித்து முடித்து, கருங்கலில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். கார் ஓட்டவும் கற்றுக்கொண்டிருக்கிறாள். இடது காலால் மிதிக்கும் கிளட்ச் இல்லாத வண்டி ஒன்று வாங்கும்வரை அம்மாதான் டிரைவர். போலோ விற்கப்படவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அது வழியில் நின்றதில்லை.